அடுக்களை ஓரம்: “ஒண்ணுமில்லை” என்றால் என்ன அர்த்தம்?

இந்தத் தடவை வற்றல், வடாம் பற்றி எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிப் போடும்படி ஆகிவிட்டது. காரணம், ஒரு கடிதம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை.

“அக்கா, எனக்கு 38 வயசு. ஆறு மாசமா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கை காலெல்லாம் வெலவெலத்துப் போகுது. காலையிலே எழுந்திருக்கும்போதே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ரெண்டு டாக்டரைப் பார்த்தாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. வீட்டிலே நான் நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க. சில நேரம் எனக்கே அப்படித்தான் தோணுது.”

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால், அதே வார்த்தையை நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இத்தனை நாள் இந்தப் பகுதியில் ரசப்பொடிக்கும் இருமலுக்கும் பக்குவம் சொல்லியிருக்கிறேனே தவிர, இதை எழுதியதில்லை. வெட்கம்தான் காரணம்.

2022-ஆம் வருஷம், ஆடி மாசம். அப்போது எனக்கு 44 வயது. அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ உரலில் இடிக்கிற மாதிரி ஓர் இடி. விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிற்று. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது. ‘இதுதான் மாரடைப்பு. பிள்ளைகளைப் பார்க்காமலே போகப் போகிறோம்’ என்றே முடிவு கட்டிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிப் போயிற்று. உடம்பு மட்டும் பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது.

என் கணவர் ஆட்டோ வைத்து அழைத்துப் போனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். “ஒண்ணுமில்லைம்மா, நரம்புத் தளர்ச்சி. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. வெளியே வந்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நாலாம் நாள் மறுபடி வந்தது. அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை.

படபடப்பாவது வந்து போகிற விருந்தாளி. அசதி வீட்டோடு தங்கிவிட்டது. மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் உட்கார வேண்டும். மதியம் கஞ்சியை வடித்துவிட்டு, அதே இடத்தில் முந்தானையை விரித்துப் படுத்துவிடுவேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் சத்தம் கேட்டால் அவசரமாக எழுந்து பாத்திரத்தை உருட்டுவேன். அம்மா படுத்துக் கிடந்தாள் என்று தெரியக் கூடாதாம்!

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மாமியார், “கண் பட்டிருக்கும்” என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். பாவம், அவராவது எனக்கு ஏதோ இருக்கிறது என்று நம்பினார். நாத்தனார், “சும்மா வீட்டிலே இருந்தா இதெல்லாம் வரும் அண்ணி, வேலைக்குப் போறவங்களுக்கு இதுக்கு நேரமேது?” என்றார். கணவர் கோபக்காரர் இல்லை. ஆனாலும் மூன்றாவது தடவை சொன்னபோது, “அதான் டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரே” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அதோடு நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். சொல்லாமல் இருப்பது இரண்டாவது வியாதியாகச் சேர்ந்துகொண்டது.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கீரை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார். “என்னடி இது, வெள்ளையாக் கிடக்கு! நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வா” என்றார். அந்தச் சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரம்மாவுக்கு ரிட்டயராகிற வயது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மூன்றே கேள்வி கேட்டார். “எந்த நேரத்திலே வருது? எவ்வளவு நேரம் இருக்கு? அப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “எப்பவும் வருது டாக்டரம்மா” என்றேன்.

“எப்பவும்னு ஒண்ணு கிடையாதும்மா. பதினஞ்சு நாள் எழுதிட்டு வாங்க. இப்போ ரத்தம் கொடுத்துட்டுப் போங்க.”

வீட்டில் இருந்த பால் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். தேதி, மணி, என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை நிமிஷம், முந்தின ராத்திரி தூக்கம், காப்பி எத்தனை டம்ளர், மாதவிலக்கு நாள்கள். இவ்வளவுதான்.

முதல் ஆச்சரியம், கடிகாரம் சொன்னது. அரை மணி நேரம் உயிர் போகிற மாதிரி இருந்ததே, அது நிஜத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஒரு தடவைகூட இருபதைத் தாண்டவில்லை. இரண்டாவது ஆச்சரியம், ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 8.6 கிராம். கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “கிணத்திலேருந்து வீட்டுக்குத் தண்ணி எடுக்கறீங்க. குடம் சின்னதாப் போச்சுன்னா நடை அதிகமாகுமா இல்லையா? ரத்தத்திலே சிவப்பணு குறைஞ்சா, பிராணவாயு எடுத்துட்டுப் போற குடம் சின்னதாப் போச்சுன்னு அர்த்தம். இதயம் அதிக நடை நடக்குது. அதான் படபடப்பு, மூச்சிரைப்பு, அசதி.” தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் சரியாக இருந்தன. ரத்தம் ஏன் குறைந்தது என்பதற்கு நோட்டு பதில் வைத்திருந்தது. மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் போய்க்கொண்டிருந்தது. ‘வயசானா இப்படித்தான்’ என்று நான் பொறுத்துக்கொண்டதுதான். ஸ்கேனில் கருப்பையில் சின்னக் கட்டி தெரிந்தது. அதற்கு மருந்து கொடுத்தார்கள்.

இது எனக்கு மட்டும் வந்த அதிசயம் இல்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நாடு முழுவதும் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று கண்டார்கள். நம் தமிழ்நாட்டில் 53 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அதாவது, குழாயடியில் நிற்கிற இரண்டு பேரில் ஒருத்திக்கு. அத்தனை பேரும் “அசதியா இருக்கு” என்று வாய் திறந்து சொல்லவா செய்கிறோம்?

மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு மாசத்தில் மாடிப்படி பழையபடி ஆயிற்று. கதை இங்கேயே முடிந்திருந்தால் எழுதுவது சுலபம். முடியவில்லை. அசதி முக்கால்வாசி போயிற்று. படபடப்பு போகவில்லை.

நோட்டோடு மறுபடி போனேன். டாக்டரம்மா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். “ஏம்மா, காலையிலே பதினோரு மணி, போன் மணி அடிச்சதுன்னு நாலு இடத்திலே எழுதியிருக்கீங்க. போன்லே யாரு?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரிடமும் சொல்லாததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். தம்பி கடை வைக்க முதல் இல்லாமல் தவித்தபோது, என் இரண்டு வளையல்களை அடகு வைத்துக் கொடுத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. தம்பியால் திருப்ப முடியவில்லை. வட்டி கட்டச் சொல்லிப் போன் வரும். நாள் கிழமை என்றால் மாமியார், “அந்த வளையலைப் போட்டுக்கம்மா” என்பார். நோட்டில் அந்த நாள்களிலும் குறி இருந்தது. எழுதினவள் நான். எனக்கே அது கண்ணில் படவில்லை பாருங்கள்!

“இரும்புச் சத்து மாத்திரை வளையலை மீட்டுத் தராதும்மா” என்றார் டாக்டரம்மா. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “பயம் பொய்யில்லை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கற சுரப்பி, ஆபத்துன்னு நினைச்சு அட்ரினலினை ரத்தத்திலே விடுது. இதயம் ஓடுது. மூச்சு வேகமாகுது. மூச்சு வேகமா விட்டா ரத்தத்திலே கரியமிலவாயு குறையுது. அதனாலேதான் விரல் மரத்துப் போறதும், உதட்டிலே எறும்பு ஊர்றதும், தலை சுத்தறதும். நீங்க நடிக்கலை. உங்க உடம்பு நிஜமாவே ஓடிட்டிருக்கு, நீங்க நின்ன இடத்திலேயே.”

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு கணவரிடம் சொன்னேன். “என்னங்க, உங்ககிட்டே ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன்.” கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குப் படபடப்பு வந்தது வாஸ்தவம்தான். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, “ரசீதை எடுத்து வை. வட்டி எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்கணும்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “நான்தான் உன்னை நம்பலைன்னு இருந்தேன். நீயும் என்னை நம்பலை” என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? மோரை ஊற்றினேன்.

அடுத்த தை மாசம் வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும், சகோதரிகளே, மறைக்காமல் சொல்கிறேன், படபடப்பு வந்துகொண்டுதான் இருந்தது. முன்னைவிடக் குறைவு. ஆனால் போன் மணி அடிக்காத நாளிலும் வந்தது. ‘இன்னும் என்னதான் வேணும் இந்த உடம்புக்கு?’ என்று எனக்கு ஆத்திரம். மணி அடித்து அடித்துப் பழகின உடம்பு, ஆபத்து போன பிறகும் கொஞ்ச காலம் மணி அடிக்குமாம். வந்துவிடுமோ என்ற பயமே அதை வரவழைத்தும் விடுமாம். அதோடு 45 வயதை ஒட்டி மாதவிலக்கு நிற்கப் போகிற காலத்தில் சுரப்பு நீர்கள் ஏறி இறங்குவதாலும் படபடப்பு, ராத்திரி வியர்வை, தூக்கக் குறைவு வரலாம் என்றார் டாக்டரம்மா. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. அதை ஒளிக்காமல் சொன்னார். அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை அரிசி டப்பாவுக்குள் ஒரு மாசம் ஒளித்து வைத்தேன். ‘பைத்தியம் என்று பேர் வந்துவிட்டால் நாளைக்கு மகளுக்கு வரன் வருமா’ என்ற பயம்தான். கணவர்தான், “சர்க்கரைக்குப் போறாங்க, கண்ணுக்குப் போறாங்க, இதுக்குப் போனா என்ன?” என்று லீவு போட்டுக் கூட வந்தார். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான் இருந்தார்கள். பையில் சாப்பாட்டு டப்பா, கையில் சீட்டு. கொடுத்த மாத்திரை உடனே கேட்கவில்லை. மூன்று, நாலு வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது. பத்து மாசம் சாப்பிட்டேன். பிறகு அவர்களே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். நானாக ஒருநாளும் நிறுத்தவில்லை.

என் நாத்தனார் சொன்னதற்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. மகள் வாங்கி வந்த ஒரு புஸ்தகத்தில் படித்தேன். இது வீட்டில் சும்மா இருக்கும் பெண்களின் வியாதி இல்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கே இந்தப் படபடப்பும் மூச்சிரைப்பும் அசதியும் வந்திருக்கின்றன. இதயத்தில் கோளாறு தெரியவில்லை. ஜேக்கப் டா கோஸ்டா என்ற டாக்டர் அவர்களைப் பரிசோதித்து 1871-இல் விவரமாக எழுதினார். பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினுக்கும் பல வருஷம் படபடப்பும் சோர்வும் இருந்தன. அவரும் என்னைப் போல நோட்டுப் போட்டிருக்கிறார்! 1849 முதல் 1855 வரை தினமும் உடம்பு எப்படி இருந்தது என்று குறித்து வைத்தார். அவருக்கு என்ன வியாதி என்று இன்றுவரை டாக்டர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் அந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் அவர் அவ்வளவு எழுதினார்.

நோட்டும் பரிசோதனையும் பயன்பட வேண்டுமென்றால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். என் டாக்டர்கள் சொன்னதிலிருந்து சேர்த்துத் தருகிறேன்.

டாக்டரிடம் போகும்போது: “உடம்பு சரியில்லை” என்று சொல்லாதீர்கள். பதினைந்து நாள் நோட்டை நீட்டுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பார்க்க வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், உடம்பு இளைப்பது. குறைவாகச் சுரந்தால் அசதி, குளிர் தாங்காமை, எடை கூடுவது. பாலும் தயிரும்கூடக் குறைவாகச் சாப்பிடுகிற சைவக்காரர்களுக்கு பி12 குறையலாம். மாதவிலக்கு விவரத்தைக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

இரும்பு மாத்திரை: சாப்பிட்டதும் காப்பி, டீ குடிக்கிற வழக்கத்தை விடுங்கள். அவை இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் 8 கிராமில் இருப்பவருக்கு அது மட்டும் போதாது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையின் குணம் அது. எண் சரியான பிறகும் சேமிப்பு நிறைய, டாக்டர் சொல்கிறவரை தொடர வேண்டும். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் விட வேண்டும்.

படபடப்பு வரும்போது: ஓடாதீர்கள், உட்காருங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக வெளியே விடுங்கள். ‘இது ஏறும், பிறகு இறங்கும்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். கடையில் தானாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

தாமதிக்கக் கூடாதவை: நெஞ்சில் பாரமோ வலியோ வந்து கை, தாடை, முதுகுக்குப் பரவுவது, மயங்கி விழுவது, படுத்தால் மூச்சுத் திணறுவது, வியர்த்துக் கொட்டி அடங்காமல் நீடிப்பது. இவை வந்தால் நோட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு வெறும் மூச்சிரைப்பாகவும் அளவுக்கு மீறிய அசதியாகவும்கூட வரலாம். காரணமில்லாமல் எடை குறைவதும் விடாத காய்ச்சலும் உடனே காட்ட வேண்டியவை.

மனசு விட்டுப் பேச ஆளில்லாவிட்டால்: மத்திய அரசு 2022-இல் ஆரம்பித்த ‘டெலி மானஸ்’ இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? மாசத்துக்கோ இரண்டு மாசத்துக்கோ ஒரு தடவை இன்னும் வருகிறது. போன வாரம்கூட வந்தது. பூ தொடுத்துக்கொண்டிருந்தேன். போனும் இல்லை, கடனும் இல்லை, ரத்தம் 12.4 இருக்கிறது. ஏன் வந்தது என்று தெரியாது. நோட்டில் நேரத்தைக் குறித்தேன். பதினோரு நிமிஷம். பிறகு மிச்சப் பூவைத் தொடுத்தேன். முன்பெல்லாம் அது வந்தால் நான் மறைப்பேன். இப்போது, “எனக்கு வந்திருக்கு, கொஞ்சம் அடுப்பைப் பார்த்துக்குங்க” என்கிறேன். என் கணவர் வந்து பார்த்துக்கொள்கிறார். பால் பொங்கி வழிகிறது, அது வேறு விஷயம்!

திண்டுக்கல் தங்கைக்கு: “ஒண்ணுமில்லை” என்று டாக்டர் சொன்னால், அவர் தேடின இடத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். உனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை அம்மா. வேறு எங்கே தேட வேண்டும் என்று அவரிடமே கேள். அவருக்கு நேரமில்லாவிட்டால் இன்னொருவரிடம் கேள். தேடின பிறகும் கொஞ்சம் பேர் தெரியாமலே மிஞ்சலாம். மிஞ்சினாலும் அது பொய் இல்லை. நாளைக்கே ஒரு நோட்டு எடு. பால் கணக்கு நோட்டாக இருந்தாலும் போதும். ரத்தப் பரிசோதனை முடிந்ததும் எனக்கு எழுது. ஹீமோகுளோபின் எத்தனை என்பதையும் எழுது.

வற்றலும் வடாமும் அடுத்த இதழில் கட்டாயம்.